இருட்டைப் பங்கிடுவது

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் திருநெல்வேலிச் சீமையில் வள்ளியூருக்கும் பணகுடிக்கும் இடையே இருக்கிறது. மேற்கே மலை. மலைக்கும் ஊருக்கும் நடுவே பனைமரங்களும் வெட்டவெளியும். அந்த வெட்டவெளியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் ‘காத்தாடி’ என்றுதான் சொல்வார்கள். குழந்தைகள் ஓலையில் செய்து விளையாடுவதற்கும் அங்கே அதுதான் பெயர்.

2012-ம் ஆண்டு ஆனி மாதத்தில் நான்கு நாள் அங்கே தங்கியிருந்தேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கொடியில் உலர்த்திய வேட்டியைக் கயிற்றோடு சேர்த்து முடிந்து வைக்காவிட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் தேட வேண்டும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வருகிற தென்மேற்குப் பருவக்காற்று, மலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு கிடைத்ததும் மொத்தமாக அதில் நுழைந்து ஓடி வருகிறது. அதனால்தான் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். 1986-ல் தூத்துக்குடிப் பக்கத்தில் சோதனையாகச் சில சிறிய காற்றாலைகளோடு ஆரம்பித்த காரியம் இது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றுவிட்டது. நானும் அத்தானும் திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். நல்ல நிலவு. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுவது தெரிந்தது. ஆனால் ஒரு வரிசை மட்டும் அசையாமல் நின்றது.

“அது ஏன் அத்தான் நிக்குது? பழுதா?” என்று கேட்டேன்.

“பழுதும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரண்ட் வேண்டாம்னு நிப்பாட்டி வச்சிருக்காங்க, மாப்ளே. இந்த மாசத்துல அடிக்கடி இப்படித்தான்” என்றார் அத்தான்.

“இங்கே இருட்டா இருக்கே!”

அத்தான் பதில் சொல்லவில்லை. தோள் துண்டு பறந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு வாசலில் காற்று கொட்டிக் கிடக்கிறது. அதை மின்சாரமாக்கும் இயந்திரம் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. வீட்டுக்குள்ளே அக்கா பனையோலை விசிறியால் பேரப்பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்த பிறகு, இதில் எங்கோ ஓர் அநியாயம் இருக்கிறது என்று என் மனம் அடித்துச் சொல்லிற்று. ஆனால் அது யாருடைய அநியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வருஷத்தையும் நாவல் படித்தே கழித்தேன். ஆகவே சென்னைக்குத் திரும்பியதும், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமைசாலி. கதை எழுதுகிறவனுக்குப் புரிகிறபடி எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்யாணப் பந்தியை உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

“மின்சாரம்கிறது வடிச்சுப் பானையில வைக்கிற சோறு இல்லை, சார். இலையில கை வைக்கிற அந்த நிமிஷத்தில வடிச்சாகணும். நூறு பேர் உட்கார்ந்தா நூறு பேருக்கு. ஒருத்தர் எழுந்து போனா அவருடைய பங்கை அப்பவே குறைக்கணும். கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. நாடு முழுக்க விநாடிக்கு ஐம்பது சுற்றுங்கிற கணக்கு தப்பாம ஓடணும். அந்தக் கணக்குக் கீழே இறங்கினா, யாரையாவது பந்தியிலிருந்து எழுப்பித்தான் ஆகணும். அதுதான் நீங்க சொல்ற மின்வெட்டு.”

காற்றாலையை நிறுத்தி வைப்பதற்கும் அவர் காரணம் சொன்னார். காற்று மிகுந்து வரும்போது அவ்வளவு மின்சாரத்தையும் ஏற்றிச் செல்ல அந்தப் பகுதியின் கம்பிகள் போதவில்லை. நிலக்கரியில் ஓடும் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே இறக்கவும் முடியாது. கொதிகலனை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட முடியாது. காற்றோ, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாது. எனவே விருந்தாளிகளில் சாதுவானவரை எழுப்புவதுபோல் காற்றை எழுப்பிவிடுகிறார்கள். மீந்ததைச் சேர்த்து வைக்க வழியே இல்லையா என்று கேட்டேன். கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் ஓர் ஏற்பாடு இருப்பதாகச் சொன்னார். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை மிகும் நேரத்தில் அதே தண்ணீரைத் திரும்ப இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஆனால் ஆனி, ஆடிக் காற்று முழுவதையும் ஏற்றி வைக்க அந்த ஓர் அணை போதுமா?

இதெல்லாம் புத்திக்குப் புரிந்தது. மனத்துக்கு மட்டும் ஆறவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசி வந்தது. காற்று ஓய்ந்தது. தமிழ்நாட்டில் அந்த வருஷக் கடைசியை மறந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. சென்னையில் எங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. இன்ன நேரத்தில் போகும், இன்ன நேரத்தில் வரும் என்று கடிகாரம் வைத்துச் சொல்லலாம். மற்ற மாவட்டங்களிலோ ஒரு நாளில் பாதிக்கும் மேலே மின்சாரம் இல்லை. அக்கா ஊரும் அப்படித்தான்.

அத்தானுக்கு ஒரு மாவு மில் உண்டு. மில் என்று பெயரே தவிர, ஓர் ஓட்டுக் கொட்டகையும் ஒரு மோட்டாரும்தான். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் மிளகாய் வற்றலும் கோதுமையும் இட்லி அரிசியும் கொண்டு வருவார்கள். அந்த நாட்களில் அவர்கள் காலையில் டின்னைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு, வேலிக்கருவேல நிழலில் உட்கார்ந்திருப்பார்களாம். மும்முனை மின்சாரம் எப்போது வருமோ, அப்போதுதான் மோட்டார் ஓடும். சில நாள் நள்ளிரவில் இரண்டு மணிக்கு வரும். அத்தான் எழுந்து போய், யாருமில்லாத கொட்டகையில், டின்களின் மேல் சுண்ணாம்பால் போட்ட அடையாளத்தைப் பார்த்துத் தாமே அரைத்து வைத்துவிட்டு வருவார். பகல் கூலியை விட்டுவிட்டு அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த பொழுதுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இதையெல்லாம் அக்கா போனில் சொல்லுவாள். கேட்டுவிட்டு, “இங்கேயும் ரெண்டு மணி நேரம் போகுதுக்கா” என்று நானும் என் குறையைச் சொல்லுவேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா அப்போது என்னோடு இருந்தாள். எழுபத்து மூன்று வயது, மூச்சிரைப்பு. விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் ஓர் இன்வர்ட்டர் வாங்கினேன். அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? வாங்கிய மறுவாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கூடத்து டி.வி.யையும் அதே கம்பியில் சேர்த்துவிட்டேன். தெருவே இருண்டு கிடக்கும்போது நாங்கள் மட்டும் கிரிக்கெட் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடப் போகிறாரே என்று ஜன்னல் திரையை இழுத்து விட்டதும் நினைவிருக்கிறது. குற்றம் செய்யாதவன் எதற்காகத் திரையை இழுத்து விட வேண்டும்?

அம்மாவுக்கு ஒரு வழக்கம். இரவு எட்டு மணிக்கு அக்காவோடு போனில் பேசுவாள். முதல் கேள்வியே, “அங்க கரண்ட் இருக்கா?” என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால், பேசி முடித்ததும் எழுந்து போய்த் தன் விசிறியை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ இங்கே ஃபேனை நிறுத்தினா அது அங்கே போய்ச் சேருமாம்மா?” என்று கேட்டேன்.

“சேருதோ, சேரலையோ. அவ புழுக்கத்துல கெடக்கையில எனக்கு மட்டும் என்ன காத்து வேண்டிக் கெடக்கு?” என்றாள் அம்மா.

இதைத் தாய்ப்பாசம் என்று சொல்லிவிட்டு நான் கட்டுரையை முடித்துவிடலாம். வாசகர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் நான் கோபத்தில் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினால் இன்னோரிடத்தில் போய்ச் சேருமா? மறுபடியும் பொறியாளரிடம் போனேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒரு ஃபேன் சேராது சார், லட்சம் ஃபேன் சேரும்” என்றார். பிறகு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இன்வர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும், தான் செலவழித்ததை மின்கலத்தில் நிரப்பிக்கொள்கிறது. நிரப்பும்போதும் திருப்பி எடுக்கும்போதும் கால் பங்கோ அதற்கு மேலோ வழியிலேயே வீணாகிறது. பற்றாக்குறைக் காலத்தில் சென்னையில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இன்வர்ட்டர் ஏறினால், எங்கள் இரண்டு மணி நேரத்தை நாங்கள் ஒழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அதை வட்டியோடு வேறு யார் தலையிலோ ஏற்றியிருப்போம். நான் கிரிக்கெட் பார்த்தது அக்காவின் வெளிச்சத்தில்.

எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது எவ்வளவு நிஜம் என்பதை அந்த ஆண்டே நாடு முழுவதும் பார்த்தது. 2012 ஜூலை 30-ம் தேதி வட இந்திய மின்வலை விழுந்தது. மறுநாள் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழ்கிற பிரதேசம் அது. முக்கியமான கோடுகள் சில வேலை செய்யாமல் இருந்தன, சில மாநிலங்கள் தங்களுக்கு உரியதைவிட அதிகமாக இழுத்தன என்று விசாரணையில் சொன்னார்கள். நமக்கு அந்த இருட்டு வரவில்லை. தெற்கு மின்வலை அப்போது வடக்கோடு ஒரே ஓட்டமாக இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூரிலிருந்து சோலாப்பூருக்குப் போட்ட கோட்டின் வழியாகத்தான் இணைந்தது. இன்று ஆரல்வாய்மொழிக் காற்று தில்லி வரை போகலாம். தில்லியின் ஆசையும் இங்கே வந்து சேரலாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நான் இன்வர்ட்டர் வாங்கியது தவறா?

தவறில்லை என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நான் திருடவில்லை. மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கெல்லாம் பணம் கட்டினேன். என் வீட்டில் மூச்சுக்குத் தவிக்கும் ஒரு கிழவி இருந்தாள். தன் வீட்டுக் கூரையை வேய்ந்துகொள்கிறவனைப் பார்த்து, ஊரார் கூரை ஒழுகுகிறதே என்று குறை சொல்வது என்ன தர்மம்? அம்மாவின் விசிறியைப் பொறுத்த வரையில் இந்த வாதத்தை நான் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி.வி.க்கு அது பொருந்தாது. இரண்டும் ஒரே கம்பியில்தான் ஓடின. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஜன்னல் திரையை இழுத்து விட்ட என் கைக்குத் தெரிந்திருந்தது.

இல்லாமை வரும்போது அதைப் பங்கிட இரண்டு விதம் உண்டு. ஒன்று, முறை வைப்பது: இன்றைக்கு உன் தெரு இருட்டு, நாளைக்கு என் தெரு. முறை நேர்மையாக நடந்தால் அதில் தவறில்லை. ஆனால் முறை வைக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரமும், எட்டி இருப்பவருக்குப் பன்னிரண்டு மணி நேரமுமாக அது போய் முடிகிறது. இன்னொன்று, அளவைக் குறைத்து எல்லாருக்கும் கொடுப்பது. பஞ்ச காலத்தில் நம் பாட்டிமார் கஞ்சியில் தண்ணீர் சேர்த்தார்களே தவிர, ஒரு பிள்ளைக்குச் சோறும் ஒரு பிள்ளைக்குப் பட்டினியுமாக வைக்கவில்லை.

மின்சாரத்தில் கஞ்சி காய்ச்ச முடியுமா? முடியும் என்று நினைத்தவர்கள் சென்னையிலேயே இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கிண்டிக்குப் பக்கத்தில் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் பாஸ்கர் ராமமூர்த்தியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அந்தப் பற்றாக்குறைக் காலத்திலேயே ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். தட்டுப்பாடு வந்தால் ஒரு பகுதியை அடியோடு துண்டிக்க வேண்டாம். கம்பியில் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பினால் போதும். வீட்டு மீட்டரோடு இருக்கும் ஒரு பெட்டி அதைத் தெரிந்துகொண்டு, வழக்கமான இணைப்பை மூடிவிட்டு, 48 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி ஒன்றை மட்டும் திறந்து வைக்கும். அதில் ஒரு வீட்டுக்குச் சுமார் 100 வாட்தான் கிடைக்கும். சாதாரண மின்விசிறி ஒன்றே 70, 75 வாட் இழுக்கும். நேர்மின்சாரத்தில் ஓடும் விசிறிக்கு அதில் பாதிகூட வேண்டாம். எனவே அந்த 100 வாட்டில் இரண்டு மூன்று விளக்கு எரியும். ஒன்றிரண்டு விசிறி சுற்றும். செல்போனும் உயிரோடு இருக்கும். ஏ.ஸி. ஓடாது, அரைவை இயந்திரம் ஓடாது. வழக்கமாகப் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், ஒரு வீடுகூட இருட்டில் கிடக்க வேண்டியதில்லை. கூரையில் ஒரு சூரியத் தகடும் சிறு மின்கலமும் இருந்தால் அதே கம்பியில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ராஜஸ்தானத்தில் மின்கம்பியே போகாத பாலைவனக் குடியிருப்புகளில் இவர்களுடைய இந்த நேர்மின்சார முறை விளக்கேற்றியது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. இருட்டில் விசிறியை நிறுத்திவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாளே, அந்தச் செய்கையை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதுமட்டுமல்ல, அவளையும் புழுங்க விடாமல் வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் என் அம்மாவாக இருந்துவிட்டால் சட்டமும் பெட்டியும் எதற்கு? பெரும்பாலோர் என்னைப்போலத் திரையை இழுத்து விடுகிறவர்கள்தான். நல்லவர்களாக இருக்க நமக்குச் சிரமமாக இருக்கிறது. அந்தச் சிரமத்தைக் குறைக்கும் ஏற்பாடு எதுவோ அதை நான் நல்ல விஞ்ஞானம் என்பேன்.

பிறகு மின்சாரம் பெருகிற்று, மின்வெட்டு குறைந்தது. அந்தப் பெட்டி ஊருக்கு ஊர் வரவில்லை. வயிறு நிறைந்ததும் பஞ்சத்தை மறப்பது மனித சுபாவம். ஆனால் அந்தக் கேள்வி போய்விடவில்லை. வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் இன்று அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. சூரியனையும் காற்றையும் நம்பி வாழப் போகிறோம். நிலக்கரி, நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வந்த வேலையாள். சூரியனும் காற்றும் தங்கள் நேரத்துக்கு வருகிற விருந்தாளிகள். நடுப்பகலில் மின்சாரம் கொட்டுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீடுவீடாக விளக்கும் விசிறியும் அடுப்பும் ஓடும்போது சூரியன் இல்லை. பள்ளிக்கரணையில் 1998 முதல் இயங்கும் காற்று சக்தி ஆராய்ச்சி நிலையத்தில், நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வேலையும் நடக்கிறது. எவ்வளவு சரியாகச் சொன்னாலும், காற்று வராத மணியில் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும், அல்லது சேர்த்து வைத்ததை எடுக்க வேண்டும். யார் காத்திருப்பது?

இதற்கு இன்று சொல்லப்படும் பதில், விலை. ஸ்மார்ட் மீட்டர் என்கிற கருவி எந்த மணியில் எவ்வளவு செலவழித்தோம் என்று குறித்துக்கொள்ளும். 2023-ல் மத்திய அரசு திருத்திய விதிகள், சூரிய ஒளி உள்ள நேரத்தில் கட்டணத்தைக் குறைத்தும் தேவை மிகுந்த நேரத்தில் கூட்டியும் வாங்க வழி செய்தன. யோசனை கெட்டதல்ல. துணி துவைக்கும் இயந்திரத்தை ராத்திரி ஓட்டுவதற்குப் பதில் மத்தியானம் ஓட்டுவதில் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் காலையில் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண், தன் சமையலை மத்தியானத்துக்கு எப்படி மாற்றுவாள்? பணமுள்ளவன் கூடுதல் விலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் போய்விடுவான். என் இன்வர்ட்டர் செய்த அதே காரியத்தை இந்த மீட்டர் இன்னும் நாகரிகமாகச் செய்துவிடக் கூடாது. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் எந்த மணியிலும் விலை ஏறக் கூடாது, அவற்றுக்குக் காத்திருத்தல் என்பதே கூடாது. அதற்கு மேலே உள்ள வசதிகள் காத்திருக்கட்டும், அல்லது விலை கொடுக்கட்டும்.

எது தேவை, எது வசதி என்று யார் முடிவு செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அத்தானின் மோட்டார் தேவையா, வசதியா? அது அவருக்குப் பிழைப்பு. டின் வைத்துவிட்டுக் காத்திருந்த பெண்களுக்கோ அடுத்த வேளை இட்லி. நோயாளி உள்ள வீட்டில் ஏ.ஸி.யும் தேவையாகலாம். கோடு கிழிக்கிற இடத்தில் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் மேடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து சொல்ல முடியவில்லை என்பதற்காக, மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடுமா? அம்மாவின் விசிறிக்கும் என் கிரிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு எந்த நிபுணரும் தேவைப்படவில்லை.

காத்திருத்தலை நாம் இதுவரை யார் தலையில் வைத்தோம் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1990-லிருந்து தமிழ்நாட்டு உழவர்களுக்கு மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வெகுகாலம் பாதி ராத்திரியில்தான் வந்தது. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் மிச்சமானதை அவர்களுக்குக் கொடுத்தோம். டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டவர்களைப் பாம்பு கடித்த கதை எல்லாக் கிராமத்திலும் உண்டு. காசாக வாங்கவில்லையே தவிர, தூக்கமாக வாங்கிக்கொண்டோம். இன்று சூரியத் தகடுகளின் மின்சாரம் மிஞ்சுவது நடுப்பகலில். தண்ணீர் பாய்ச்சவும் பகல்தான் நல்லது. உழவர்களுக்குப் பகலில் மின்சாரம் தருவதற்கென்றே குஜராத்தில் 2020-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பம்புசெட்டுகளுக்குச் சூரிய சக்தி தரும் மத்தியத் திட்டம் 2019-லேயே வந்தது. சூரியனுடைய நேரமும் உழவனுடைய நேரமும் ஒன்றாக இருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு மனிதனை ராத்திரி தூங்க விடுவதற்கு இவ்வளவு காலம் பிடித்ததே என்பதுதான் வருத்தம்.

அம்மா 2016-ல் போய்விட்டாள். அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, டி.வி.யை இன்வர்ட்டர் கம்பியிலிருந்து பிரித்துவிட்டேன். இதனால் அக்காவின் ஊரில் ஒரு விளக்குக்கூட எரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். என் மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னச் செலவில் என் மனச்சாட்சியை வாயடைத்துவிட்டேனோ என்ற சந்தேகம் இன்றும் எனக்கு உண்டு. ஆனால் ஜன்னல் திரையை அதற்குப் பிறகு இழுத்து விடவில்லை.

போன வருஷம் அக்கா ஊருக்குப் போனபோது, மில்லை அத்தானின் மகன் நடத்திக்கொண்டிருந்தான். டின் வரிசை இல்லை; கொண்டு வருகிறவர்கள் நின்று அரைத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரவில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு மணி இருக்கும். உள்ளே போன் மணி அடித்தது. சென்னையிலிருந்து என் மனைவி பேசினாள். அக்கா போனை எடுத்ததும் முதலில் கேட்டது என் காதில் விழுந்தது:

“அங்க கரண்ட் இருக்கா?”